கீழிருந்தே பார்த்துச் சொன்ன போன்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லிக் கேட்டால் உங்களுக்கு இன்னும் ருசியாக இருக்கும், எனக்கு இன்னும் கேவலமாக இருக்கும். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்த நேரத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினேன். வாங்கியதைக்கூட மன்னித்துவிடலாம், ஊரில் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள். நான் அதை என் முழங்காலுக்குப் பதிலாக வாங்கினேன். முட்டாள்தனம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் சூசை, வீடு காலடிப்பேட்டை. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிக் கப்பல் வந்து நிற்கும் ஒரு ஜெட்டியில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் பராமரிப்பு வேலை. கிரீஸ் அடிப்பவனாக உள்ளே போனேன், ரோப் பார்த்துக் கையெழுத்துப் போடும் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். நடுவில் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரும்பாலும் வாய் பேசினேன் என்றுதான் என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

போன வாரம் கேன்டீன் பக்கம் வந்தபோது, ஜெட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், இப்ப புதுசா வந்திருக்கிற அந்தப் பெரிய மாடல் போன் வாங்கலாமா? விலைதான் பயமா இருக்கு. ஆனா நம்ம இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு உதவும்ல?" வாங்கு, வாங்காதே என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஒரே சொல்லில் பதில் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால் என் மனைவி என்னை இந்நேரம் மதித்திருப்பாள். அதனால் எழுதுகிறேன்.

வேலையைப் பற்றி நீட்டப் போவதில்லை, அதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே வந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கிரேனின் நீண்ட கையை பூம் என்கிறோம். அந்த பூமின் உச்சியில் ரோப், அதாவது மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த வடம், வந்து முடியும் இடம் ஒன்று இருக்கிறது. ரோப்பின் மற்ற பாகமெல்லாம் ஓடும், இறங்கும், நம் கண்ணுக்கு எதிரே வரும். அந்த முனை மட்டும் அசையாது. தூக்குகிற பாரமெல்லாம் அதைப் பிடித்து இழுக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் நாம்தான் ஏணியில் ஏறிப் போக வேண்டும். பன்னிரண்டு மாடி உயரம் இருக்கும். மேலே போய், பழைய பனியன் துணி ஒன்றை ரோப்பைச் சுற்றிப் பிடித்து மெதுவாக உருவ வேண்டும். எங்காவது மெல்லிய கம்பி ஒன்று தெறித்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். கிரீஸுக்கு அடியில் கண் தவறவிடுவதைத் துணி பிடித்துவிடும். துணி வழுக்கிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடலாம். நான்கு கிரேன், வாரம் ஒருமுறை. இருபத்தைந்து வயதில் அது எனக்கு உலாப் போவது மாதிரி இருந்தது. ஐம்பத்தொன்பதில், ஒவ்வொரு படியிலும் என் வலது முழங்கால் என் பரம்பரையையே திட்டியது.

இந்த நிலைமையில்தான் ராயபுரத்தில் ஒரு போன் கடைக்குப் போனேன். என் பழைய போனில் சார்ஜர் சொருகும் இடம் தளர்ந்துவிட்டது, சரிசெய்யத்தான் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "சும்மா பாருங்க அங்கிள், பார்க்கிறதுக்குக் காசா வாங்கப் போறோம்?" என்று புது மாடலை என் கையில் வைத்தாள். வாசலுக்கு அழைத்துப் போய், தூரத்தில் தெரிந்த சர்ச் கோபுரத்தைத் திரையில் பிடித்து இரண்டு விரலால் விரித்தாள். கோபுரம் வந்தது. சிலுவை வந்தது. சிலுவையின் மேல் உட்கார்ந்திருந்த புறா வந்தது. புறாவின் கழுத்தில் பச்சை மினுங்கியது. அந்தக் கோபுரத்துக்குக் கீழேதான் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது, கல்யாணம் நடந்தது. அதன் உச்சியை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

அந்த நொடியில் என் முழங்கால் பேசியது. "சூசை, இது கையில் இருந்தால் நாம் ஏற வேண்டாம்" என்றது. டாக்டர் சொன்ன முழங்கால் ஆபரேஷன் செலவோடு பார்த்தால் இது மலிவு என்றும் கணக்குக் காட்டியது. முழங்காலுக்கு மூளை கிடையாது. அன்று அதன் யோசனையைக் கேட்ட எனக்கும் கிடையாது. மாதத் தவணையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி ரீட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சோக்காதான் கீது. இதுல யார் கூட பேசப் போற? ஒனுக்கு வர்ற போன் பூரா நா பண்றதுதானே?" என்றாள்.

"வேலைக்கும்மா. வேலைக்கு வாங்கிகீறேன்" என்றேன். பொய். ஆசைக்கு வாங்கிவிட்டு வேலையின் தலையில் கட்டினேன். இதை ஞாபகம் வையுங்கள்.

ஜெட்டியில் இரண்டாம் நம்பர் கிரேன் ஓட்டும் பாஸ்கர், காசிமேட்டுக்காரர், என் கையில் போனைப் பார்த்ததும் கேபினிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டார். "இன்னா சூசைண்ணா, வூட்ட வித்துட்டியா? இனிமே போனுக்குள்ளயே குடித்தனமா?"

நான் கண்டுகொள்ளவில்லை. கிரேனுக்குக் கீழே நின்று, காலை அகட்டி, போனை உயர்த்தி, பூம் உச்சியைத் திரையில் விரித்தேன். வந்தது பாருங்கள் ரோப். ஒவ்வோர் இழையும் எண்ணெய் தடவிப் பின்னிய சடை மாதிரி. மேலே போய்ப் பார்த்தால்கூட எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. நான்கு கிரேனையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, படங்களை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, கேன்டீனில் இரண்டாவது வடை தின்றுகொண்டிருந்தேன்.

மேனேஜர் நல்ல மனிதர். திருநெல்வேலிப் பக்கம். கப்பல் தாமதமானால் மட்டும் அவருக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. "சூசை சார், இதுக்குப் போயா இத்தன வருஷமா ஏறிட்டு இருந்தீங்க?" என்று கேட்டு, திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் படங்களைப் பெரிய திரையில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். முப்பத்து நான்கு வருடம் அவ்வளவு உயரம் ஏறி இறங்கியதற்கு ஒருவரும் தட்டாத கையை, கீழே நின்று போன் பிடித்ததற்குத் தட்டினார்கள். நான் எழுந்து நின்று நன்றி வேறு சொன்னேன். "தொழில்நுட்பத்தைக் கண்டு பயப்படக் கூடாது" என்று ஒரு வாக்கியம் பேசியதாகவும் நினைவு. அதை நினைத்தால் இப்போதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐந்து வாரம் இப்படிப் போனது. ஏணியில் நான் கால் வைக்கவில்லை. முழங்கால் சந்தோஷமாக இருந்தது, வயிறும் கொஞ்சம் முன்னேறியது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மதியம் தேவராஜ் வேலைக்குத் திரும்பி வந்தார்.

தேவராஜ் டோசர் டிரைவர். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மஞ்சள் காமாலையில் படுத்து ஒன்றரை மாதம் லீவு. திரும்பி வந்தபோது அவர் சட்டைக்குள் இன்னொருவருக்கு இடம் இருந்தது. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை.

டோசருக்குக் கப்பலில் என்ன வேலை என்று புதியவர்கள் கேட்பீர்கள். கப்பலின் அடித்தளம் தெரிய ஆரம்பித்ததும், மூலையில் ஒட்டியிருக்கும் நிலக்கரியைக் கிரேனால் வாரி எடுக்க முடியாது. அப்போது ஒரு சின்ன டோசரைக் கிரேனில் கட்டி உள்ளே இறக்குவோம். அது கரியைத் தள்ளி நடுவில் சேர்க்கும். டிரைவர் முதலில் ஏணி வழியாக உள்ளே இறங்கிவிடுவார். டோசர் அவர் தலைக்கு மேலே பல டன் எடையோடு ஆடிக்கொண்டு வரும். நாலு பக்கமும் இரும்புச் சுவர். ஒதுங்கலாம், ஓட முடியாது.

அதனால் எங்கள் ஜெட்டியில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, யார் ஆரம்பித்தார் என்றும் தெரியாது. ரோப் பார்த்துவிட்டு இறங்குகிறவன், கிரீஸ் அப்பிய அந்தத் துணியை டோசரின் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவான். டிரைவர் வந்து அவிழ்த்துப் பார்ப்பார். துணி கிழியாமல் கறுப்பாக இருந்தால் பேன்ட் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு இறங்குவார். அவ்வளவுதான். ஒரு பேச்சும் கிடையாது. தேவராஜ் லீவில் இருந்தபோது வந்த தற்காலிக டிரைவருக்கு இந்தப் பழக்கம் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் துணி இல்லையே.

தேவராஜ் டோசரைச் சுற்றி வந்தார். கைப்பிடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நைனா, துணி எங்க?"

"துணியெல்லாம் அந்தக் காலம்பா. நீ இல்லாதப்போ ஜெட்டி எங்கியோ போயிட்ச்சி. இத்தப் பாரு" என்று காலையில் எடுத்த படத்தை நீட்டினேன்.

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார். "சோக்கா கீது. கல்யாணப் பொண்ணு மாதிரி கீது." போனைத் திருப்பிக் கொடுத்தார். "துணி எங்க?"

"யோவ், அதான் படம் கீதே. அஞ்சு வாரமா இப்டித்தான் பாக்குறோம். மேனேஜரே ஓகே சொல்ட்டாரு."

"மேனேஜரா எறங்கப் போறாரு?"

வாக்கிடாக்கியில் பாஸ்கர் குரல்: "கீழ இன்னாபா பஞ்சாயத்து? டோசர கட்டுறீங்களா இல்லியா? கேபின்ல நா வெந்துகினு கீறேன்."

"இவுரு துணி கேக்குறாருபா" என்றேன், கிண்டலாக. நாலு பேர் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தேவராஜ் டோசர் சங்கிலியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நா மாட்டேன்னு சொல்லல நைனா. துணி வர்ட்டும்னுதான் சொல்றேன்."

அடுத்து மேனேஜர். "சூசை சார், நாலு மணிக்கு இழுவைப் படகு சொல்லியாச்சு. வெளிய அடுத்த கப்பல் காத்துக்கிட்டு இருக்கு. என்ன தாமதம்?"

இப்போது என் கையில் ரோப் சரி என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு இருக்கிறது, பையில் பேனா இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் வேலை ஆரம்பிக்கும். தேவராஜ் பிடிவாதம் பிடித்தால் வேறு டிரைவரைக் கூப்பிடலாம். பேனா மூடியைத் திறந்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. முனையைக் காகிதத்தில் வைத்தும்விட்டேன்.

என்னை நிறுத்தியது மனசாட்சி என்று எழுத ஆசைதான். உண்மையில் நிறுத்தியது கடுப்பு. மாதத் தவணை கட்டும் என் போனை, கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய என் போனை, ஓர் அழுக்குத் துணிக்குக் கீழே வைத்துவிட்டாரே இந்த மனுஷன். இவரை ஜெட்டி முழுக்கச் சிரிக்க வைக்க வேண்டும். மேலே ஏறி, துணியை உருவி, கொண்டுவந்து அவர் மடியில் போட்டு, "இந்தா, மோந்து பாரு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஏறினேன். உங்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை.

ஏறப் போகும்போதுதான் தெரிந்தது, ஐந்து வாரத்தில் என் டூல் பையிலிருந்து பனியன் துணி காணாமல் போயிருந்தது. ரீட்டா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

இருபதாவது படியில் முழங்கால் மறியல் செய்தது. நாற்பதாவது படியில் நான் எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தேன். கேபின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனபோது பாஸ்கர் கதவைத் திறந்து, "அண்ணா, ஆம்புலன்ஸ மேலயே வரச் சொல்லவா, இல்ல நீ கீழ வந்து ஏறிக்கிறியா?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சு இல்லை. நான் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஜெட்டியில் அதுவே முதல் முறை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணுக்கு ரோப் நன்றாகத்தான் இருந்தது. கிரீஸ் அப்பியிருந்தது. உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தேன். உருவினேன். ஒரு சாண் வழுக்கிக்கொண்டு வந்தது. முனை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

கை தவறியதோ என்று மறுபடி இழுத்தேன். சர்ரென்று கிழிந்தது.

கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். தெறித்த கம்பிகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, மீன் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. எண்ண ஆரம்பித்தேன். ஏழோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எண்ணி என்ன ஆகப் போகிறது?

அங்கேயே ஏணியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு போனை எடுத்து, ஒரு முழம் தள்ளி வைத்து அதே இடத்தைப் படம் பிடித்தேன். ஒவ்வொரு முள்ளும் படத்தில் விழுந்தது. அப்புறம் காலையில் கீழிருந்து எடுத்த படத்தைத் திறந்தேன். அதே இடம். முள்ளும் இல்லை, கிரீஸ் கட்டியும் இல்லை. அழகாகப் பின்னிய சடை.

பிறகு விவரம் தெரிந்தவர்கள் எனக்கு விளக்கினார்கள். அவ்வளவு தூரத்தை அவ்வளவு பெரிதாக விரிக்கும்போது உண்மையில் போனுக்கு ஒன்றும் தெரியாதாம். "இது ரோப் போலிருக்கிறது, ரோப் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று அதுவே யோசித்து, மிச்சத்தை வரைந்து கொடுக்குமாம். எனக்கு உடனே எங்கள் கல்யாணப் படம்தான் நினைவுக்கு வந்தது. ஸ்டூடியோக்காரர் என் முகத்து அம்மைத் தழும்புகளை எல்லாம் தூரிகையால் மெழுகி, என்னை ஒரு கதாநாயகனாக ஆக்கியிருந்தார். ஆனால் ரீட்டா அந்தப் படத்தைப் பார்த்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. நேரில் பார்த்துவிட்டுத்தான், யோசித்துத்தான், சரி என்றாள். நான் மட்டும் ரோப்பின் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

உச்சியில் நின்ற அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றவில்லை. ஒன்று மட்டும்தான் தோன்றியது. இந்த ஐந்து வாரத்தில் இதே ரோப்பில் இரண்டு முறை டோசர் இறங்கியிருக்கிறது. கீழே நின்ற தற்காலிக டிரைவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வாக்கிடாக்கியை எடுத்தேன். "இரண்டாம் நம்பர் கிரேன் நிறுத்தம். ரோப் முனையில் கம்பி தெறித்திருக்கிறது."

மேனேஜர்: "சூசை சார், நீங்க காலையில அனுப்பின படம் என் மேஜையில இருக்கு. பார்த்துக்கிட்டே பேசுறேன். சுத்தமா இருக்கே?"

பிள்ளைகளே, நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். ஏறியதும் கண்டுபிடித்ததும் பெரிய விஷயமில்லை. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு வசதியான பதில் தயாராக இருந்தது. "காலையில நல்லாத்தான் இருந்துச்சு சார், இப்பத்தான் தெறிச்சிருக்கு." அவ்வளவுதான். ஒருவரும் மறுக்க முடியாது. படமே எனக்குச் சாட்சி. என் போன் தப்பித்துவிடும், என் கைதட்டல் தப்பித்துவிடும், இன்னும் ஆறு மாதத்தில் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போய்விடலாம். அது வாய் வரைக்கும் வந்தது. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், வாய் வரைக்கும் வந்தது பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

ஆனால் உச்சியிலிருந்து பார்த்தால் மற்ற மூன்று கிரேன்களும் வரிசையாகத் தெரியும். மூன்றும் வேலை செய்துகொண்டிருந்தன. மூன்றையும் நான் அதே காலை, அதே இடத்தில் நின்று, அதே போனில்தான் பார்த்திருந்தேன். நான் அந்த வசதியான பதிலைச் சொன்னால் அந்தப் படங்கள் உண்மையாகிவிடும். அடுத்த வாரமும் உண்மை, நான் போன பிறகும் உண்மை.

பொத்தானை அழுத்தினேன். "படம் தப்பு சார். நான் அஞ்சு வாரமா எந்தக் கிரேன்லயும் ஏறல. கீழேந்து போன்ல பார்த்துதான் கையெழுத்துப் போட்டேன். மத்த மூணையும் நிறுத்துங்க."

அந்த அலைவரிசையில் ஜெட்டி முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். கேன்டீனில் வடை போடுபவர்வரை கேட்டிருப்பார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கிரேன்களும் நின்றன. முப்பத்து நான்கு வருடத்தில் பட்டப்பகலில் அந்த ஜெட்டி அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

இறங்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பாஸ்கர் கேபினிலிருந்து வெளியே வந்து, ஒவ்வொரு படியாக என் காலைப் பிடித்து வைத்து, கீழே கொண்டுவந்து சேர்த்தார். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பேஜாரு பண்ணிட்டியே சூசைண்ணா." சொல்லிவிட்டு, காலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மற்ற மூன்று பூம்களிலும் எங்கள் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர்கள் துணியோடு ஏறினார்கள். நான் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தேன். ஒன்றாம் நம்பர் சுத்தம் என்றார்கள். மூன்றாம் நம்பர் சுத்தம். நான்காம் நம்பருக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் இன்னொரு மடக்கு மோரை வாயில் ஊற்றிக்கொண்டேன். பிறகு மேலிருந்து ஒரு கறுப்புத் துணி ஆடியது, கிழியாத முழுத் துணி. அப்போது எனக்கு வந்ததைச் சிரிப்பு என்று சொல்லலாமா தெரியவில்லை. கண்ணீரும் கலந்து வந்தது. பக்கத்தில் இருந்தவர் மோர் புரையேறிவிட்டது என்று என் தலையில் தட்டினார். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் அடி வாங்கியதே இல்லை.

மேனேஜர் எனக்கு மெமோ கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான். எழுதிக்கொடுத்துவிட்டு, தானே ஒரு டீ வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கப்பல் ஒரு நாள் நின்னா மேல உள்ளவங்களுக்குப் பதில் சொல்லிக்கலாம் சார். இன்னொண்ணு ஆகியிருந்தா தேவராஜ் வீட்ல போய் என்னத்தச் சொல்ல?" என்றார். ரோப் முனையை வெட்டி, புதிதாகக் கட்டி, மறுநாள் டோசர் இறங்கியது. தேவராஜ் கைப்பிடியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்து, பாக்கெட்டில் சொருகிக்கொண்டு, ஏணியில் இறங்கினார்.

இனி உங்கள் கேள்வி. அந்தப் போன் அதன் விலைக்குத் தகுமா?

நான் அதை விற்கவில்லை, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நியாயமாகச் சொல்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை அது காட்டுகிற மாதிரி எதுவும் காட்டாது. கியர் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தால் இருட்டில் இருக்கும் எழுத்தையும் வாசித்துவிடலாம். மழையில் நனைந்தது, என் தோள் உயரத்திலிருந்து இரும்புத் தட்டில் விழுந்தது, அசரவில்லை. சார்ஜ் நிற்கிறது. கடற்கரையில் ரீட்டாவை எடுத்த படத்தில் அவள் பத்து வயது குறைந்திருக்கிறாள். அந்தப் பொய்யை நான் மறுக்கப் போவதில்லை, தைரியமும் இல்லை.

ஆனால் அது செய்கிற வேலையில் பெரும்பகுதியை உங்கள் கையில் இப்போது இருக்கும் சாதாரணப் போனும் செய்துவிடும். மீதிப் பகுதிக்குத்தான் அந்தப் பெரிய விலை. அந்த மீதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் பழைய போனில் பூம் உச்சியைப் பிடித்திருந்தால் கலங்கிய சாம்பல் புள்ளி ஒன்றுதான் வந்திருக்கும். திட்டிக்கொண்டே ஏறியிருப்பேன். அந்த மங்கல் ஒரு நேர்மை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. புதியது தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்கிறது. மனிதர்களிலும் அந்த வகையைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கண்ணாடி பார்க்கும்போது.

ஆகவே வாங்க வேண்டுமென்றால் வாங்குங்கள், உங்கள் சம்பளம், உங்கள் சந்தோஷம். ஆசைக்கு வாங்குகிறேன் என்று வீட்டில் உண்மையைச் சொல்லி வாங்குங்கள். வேலைக்கு என்று சொல்லி வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் அதை வேலைக்குப் பொருத்த வேண்டிய கட்டாயம் வந்துவிடும். விலைக்கு நியாயம் தேடித் தேடி, போகக் கூடாத இடத்துக்கெல்லாம் அதை அனுப்புவீர்கள். ஆசைக்கு வாங்கியது ஏமாற்றினால் நஷ்டம் வீட்டோடு முடிந்துவிடும்.

இன்னும் ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்குள் ஓர் ஆறுதல் வைத்திருந்தேன். நான் ஏறாமலே சீட்டை நீட்டியிருந்தாலும் தேவராஜ் இறங்கியிருக்க மாட்டார். மனுஷன் அவ்வளவு பிடிவாதம். துணி இல்லாமல் அசைய மாட்டார். ஆகவே என்ன ஆனாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆறு மாதம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் பிரியாணி. பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள், தெரியாதவர்களும் பேசினார்கள். தேவராஜ் ஒரு மூலையில் தட்டோடு நின்றார். உடம்பு தேறி, சட்டை நிறைந்திருந்தது. மாலையோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அன்னிக்கி நா ஏறாம கையெழுத்து மட்டும் போட்டுக் குட்த்திருந்தா, நீ எறங்கியிருக்க மாட்டதானே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

அவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார்.

"எறங்கியிருப்பேன் நைனா, ஒன் கையெழுத்து கீதே."